லயத்து அட்டாலியில கெடந்த த்ரீ-நாட்-த்ரீ: அடையாளமும் மதிப்பும் பாத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல நடந்தது. நான் பழைய துவக்குகள அடையாளம் பாத்து சொல்றவன். தோட்டத்துப் பேரு, ஆளுங்க பேரு எதுவும் போடல, அவங்க கேட்டுக்கிட்டது அப்படித்தான். பழைய பட்டாளத்து துவக்கு வீட்டுல இருக்கு, என்ன வெல போகும்னு கேட்டு வர்றவங்க மலையகத்துல இருக்காங்க, அவங்களுக்கு ஒரு வேலையாவது மிச்சமாகட்டும்னு முழுசா எழுதுறேன்.

குடும்பத்துல பெரியவரு இப்ப இல்ல. அவரு பெரிய துரை, அதாவது தோட்ட மேனேஜர் பங்களாவுல அப்புவா, அதாவது சமையக்காரரா இருந்தவரு, வெள்ளக்கார துரைகிட்டயே பல வருசம் வேல. 1975ல கம்பனி தோட்டங்கள அரசாங்கம் எடுத்தப்ப அந்த துரை ஊருக்குப் போயிட்டாரு, அப்புவும் பங்களாவ விட்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு வந்துட்டாரு. அவரு சம்சாரம், அதாவது அப்பாயி, இன்னும் அதே காம்பராவுலதான் இருக்காங்க, மகன், மருமக, கொழும்புல கடையில வேல செய்ற பேரன் எல்லாம் சேந்த குடும்பம்.

மழைக்கு முன்னாடி கூரத் தகரம் மாத்துனப்ப அட்டாலிக்கு (சாமான் போட்டு வைக்கிற பரண்) மேல மூலையில சாக்கு சுத்துன நீட்டு சாமான் ஒண்ணு கெடச்சிச்சு. சாக்குக்கு உள்ள தேயிலப் பெட்டிக்குள்ள விரிக்கிற ஈயத்தாள், அதுக்கு உள்ள ஒரு போல்ட் (கையால இழுத்து தள்ளி தோட்டா ஏத்துற இரும்பு உருளை) துவக்கு, பக்கத்துல துணி முடிச்சுல அஞ்சு தோட்டா சொருகுன ஒரு கிளிப்.

அப்பாயிக்கு மேல ஏதோ இருக்குன்னு தெரியும், என்னான்னு தெரியாது. "அத தொடாத, கேக்காத"ன்னு மட்டும் வீட்டுக்காரரு சொல்லி வச்சிருந்தாராம். 1977, 1981, 1983ன்னு இனக் கலவரத்துல தோட்டத்து சனம் அடிபட்ட வருசங்க, அதுக்கு நடுவுல 1979ல பயங்கரவாத தடைச் சட்டம் வேற வந்திருச்சு, அந்த நேரத்துல ஒரு தமிழ் லயக் காம்பராவுல ரைபிள் இருக்குன்னு போய் சொல்ற தைரியம் யாருக்கு வரும், அதனால அவரு வாயத் தொறக்காம வச்சிட்டு போயிட்டாருன்னுதான் நான் நெனக்கிறேன்.

என்கிட்ட வந்தப்ப இருந்த நெலம

பேரன் ஃபோட்டோ எடுத்து ஃபிரெண்ட்ஸ் ரெண்டு மூணு பேருக்கு அனுப்பியிருக்காரு, அது கைமாறி கைமாறி கண்டியில ஒரு பழைய சாமான் புரோக்கர்கிட்ட போயிருச்சு. அந்த ஆளு உடனே போன் பண்ணி, இது சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் (தோட்டத் துரைமாரோட படை) துவக்கு, கலிபோலி போர்ல (முதல் உலகப் போர்ல துருக்கியில நடந்த சண்ட) சுட்டது, ஏழு லட்சம் தாறேன், யார்கிட்டயும் சொல்லாம ராவுல கொண்டு வாங்கன்னு சொல்லியிருக்காரு. பின்கட்டையில அந்தப் படைச் சின்னம் இல்லன்னா பரவால்ல, அத நாங்க அடிச்சுக்குவோம்னும் சொல்லியிருக்காரு.

இந்தக் கடைசி வார்த்தைதான் பேரனுக்கு ஒறுத்திச்சு. தெரிஞ்சவங்க மூலமா என் நம்பர் வாங்கி, "அண்ணே, இது நெசமாவே அவ்வளவு வெலயா, இல்ல எங்கள மாட்டி விடப் பாக்குறாங்களா"ன்னு கேட்டாரு.

ஃபோட்டோவப் பாத்த ஒடனே இது ஷார்ட் லீ-என்ஃபீல்ட், அதாவது த்ரீ-நாட்-த்ரீ (303) தோட்டா போடுற பழைய பிரிட்டிஷ் பட்டாளத்து ரைபிள்னு தெரிஞ்சிச்சு. போல்ட் கைப்பிடி டிரிகருக்கு பின்னால வர்ற மாதிரி வளைஞ்சிருக்கு, பத்து தோட்டா மெகசின் கீழ தொங்குது, பின்சைட் ரிசீவர் (போல்ட் ஓடுற இரும்புக் கூடு) மேல இல்லாம குழல் மேல இருக்கு. இதுக்குப் பின்னால வந்த நம்பர் 4 மாடலா இருந்தா சைட் ரிசீவர் மேல, கண்ணுகிட்ட இருக்கும். பழைய லாங் லீயா இருந்தா குழலே 30.2 இன்ச்சு, பாத்த ஒடனே நீட்டு தெரியும். ஆனா முன்பக்க மரம் பாதியோட நின்னு குழல் வெறுமனே நீட்டிக்கிட்டிருந்திச்சு, அது பட்டாளத்துல இருக்குற கோலம் இல்ல. இதுக்கு மேல ஃபோட்டோவ வச்சு சொல்லக்கூடாதுன்னு அங்கயே நிறுத்திட்டேன்.

முதல் முடிவு: வெலய விட்டுட்டு சட்டம்

நான் கேட்டுக்கிட்டது மூணு விசயம்: துவக்க எடத்த விட்டு நகத்தாதீங்க, தோட்டாவ கையில எடுக்காதீங்க, புரோக்கர்கிட்ட ஆமா இல்லன்னு எதுவும் சொல்லாதீங்க. அப்புறம் ஒரு சட்டத்தரணிய பிடிக்கச் சொன்னேன்.

காரணம் இதுதான். நம்ம நாட்டுல துவக்குக்கு 1916 ஆம் வருசத்து சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கு, லைசன்ஸ் இல்லாம வச்சிருந்தா குத்தம், லைசன்ஸும் வருசா வருசம் புதுப்பிக்கணும். நூறு வருசத்து துவக்குன்னு சொன்னா ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நெறைய பேரு நம்புறாங்க. போல்ட் வேல செஞ்சு குழல் தொறந்திருந்தா அது சுடக்கூடிய ரைபிள், பழசா பழசில்லையான்னு நாமளா முடிவு பண்ணிக்கிட்டு வீட்டுல வச்சிருக்க முடியாது. கெடச்ச ஒடனே தானா போய் சொல்றவனுக்கும், வெல பேசி ராவுல வேன்ல கொண்டு போறப்ப ரோட்டு சோதனையில மாட்டுறவனுக்கும் உள்ள வித்தியாசம் கோர்ட்டுல ரொம்பப் பெருசு.

வீட்டுல சண்ட நடந்துச்சு. ஏழு லட்சம்னா ஒரு தோட்டக் குடும்பத்துக்கு என்னான்னு நான் சொல்லத் தேவையில்ல, கொழுந்துக் கூலியில அத சேக்கவே முடியாது. மகன் ஒரு ராத்திரி முழுக்க ஒத்துக்கலையாம். கடைசியில முடிவு சொன்னது அப்பாயிதான், "பொலிசுக்கு சொல்லிருங்க, நான் உசுரோட இருக்கப்பவே சொல்லிருங்க"ன்னு.

சட்டத்தரணி கிராம சேவகருக்கு சொல்லி, பொலிசுக்கு போன் பண்ணி, அவங்களே வந்து அட்டாலியில இருந்து எறக்குனாங்க. வாக்குமூலம் சிங்களத்துல எழுதுனாங்க, சட்டத்தரணி அத வரி வரியா தமிழ்ல வாசிச்சு காட்டுன பொறகுதான் மகன் கையெழுத்து போட்டாரு. பொலிஸ் பீ ரிப்போர்ட் (கோர்ட்டுக்கு விசயத்த அறிவிக்கிற அறிக்கை) போட்டு நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பிட்டாங்க.

பயம் எங்க இருந்திச்சுன்னா

சட்டத்தரணிக்கு இருந்த கவலை வேற. பட்டாளமும் பொலிஸும் நம்ம நாட்டுல ரொம்ப காலம் 303 ரைபிள் வச்சிருந்தவங்க. அப்ப இது அரசாங்க சாமானா, எங்கயாவது களவு போனதா, 1971 ஜே.வி.பி. கிளர்ச்சி நேரத்துல எடுத்ததா, இப்படி ஒரு கேள்வி வந்தா செத்துப்போன மனுசன் பேருலதான் விழும். அப்பாயி என்கிட்ட கேட்டதும் இது ஒண்ணுதான், "தம்பி, எங்க வீட்டுக்காரரு களவாண்டது இல்லன்னு அந்த இரும்ப பாத்து சொல்ல முடியுமா?" வெலயப் பத்தி அவங்க ஒரு வார்த்த கேக்கல.

அதனால சட்டத்தரணி நீதவான்கிட்ட அனுமதி வாங்கி, பொலிஸ் முன்னால நான் துவக்கப் பாத்து ஒரு அடையாளக் குறிப்பு எழுதிக் குடுக்கறதுன்னு ஏற்பாடாச்சு.

மேசையில பாத்தது

ஒரு கான்ஸ்டபிள் மெகசின கழட்டி, போல்ட்ட பின்னால இழுத்து உருவி தனியா வச்சாரு. உள்ள தோட்டா இல்ல. கிளிப்புல இருந்த அஞ்சையும் யாரும் தொடல, பித்தளை எல்லாம் பச்ச பூத்து போயிருந்திச்சு.

பின்கட்டைக்கும் ரிசீவருக்கும் நடுவுல, கைய வச்சு பிடிக்கிற கழுத்துல ஒரு இரும்பு வளையம் இருக்கும், அதோட வலது பக்கம்தான் இந்தத் துவக்குக்கு பிறப்புச் சான்றிதழ் மாதிரி. இதுல அந்த எடத்துல யாரோ கருப்பு எனாமல் பெயிண்ட் ரெண்டு மூணு கோட்டிங் அடிச்சிருக்காங்க. பேரன் சேண்ட் பேப்பர் வாங்கி வரட்டுமான்னு கேட்டாரு, கூடாதுன்னேன். எழுத்து இரும்புல லேசாத்தான் அடிச்சிருப்பாங்க, தேய்ச்சா பெயிண்டோட எழுத்தும் போயிரும், அப்புறம் எந்த சேகரிப்பாளனும் எந்த கோர்ட்டும் அத நம்பாது. மெல்லிய துணியில கொஞ்சம் எண்ணெய் தொட்டு ஒத்தி, டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு பிடிச்சா பெயிண்டுக்கு மேலயே பள்ளம் நெழல் விழுந்து தெரியும். அப்படித்தான் வாசிச்சது.

மேல ஒரு கிரீடம். அதுக்கு கீழ ஜி.ஆர்., அதாவது ஜார்ஜ் ராசா. அடுத்து பி.எஸ்.ஏ. கோ., பர்மிங்ஹாம்ல இருந்த தொழிற்சாலை. கீழ 1917. அப்புறம் எஸ்.எச்.டி. எல்.ஈ., அதாவது ஷார்ட் லீ-என்ஃபீல்ட், கடைசியா ரோமன் எழுத்துல மூணும் பக்கத்துல ஒரு சின்ன நட்சத்திரமும். மார்க் மூணு ஸ்டார்னு சொல்ற மாடல்.

இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துதான்னு பாக்கணும். ஆப்கான் எல்லைப் பக்கம் கைவேலையா செஞ்ச போலி துவக்குல வி.ஆர்.னு விக்டோரியா ராணி எழுத்தையும் போட்டு பக்கத்துல 1910க்கு அப்புறம் ஒரு வருசத்தையும் அடிச்சிருப்பான், ராணி செத்தது 1901ல. எழுத்து கோணலா, சிலது திரும்பிப்போய் இருக்கும். இதுல எழுத்து ஒரே சீரா இருந்திச்சு, 1917ல ஆண்டது அஞ்சாம் ஜார்ஜ், மாடலும் வருசமும் ஒத்துப்போகுது. மார்க் மூணு ஸ்டார்ல போர் அவசரத்துக்காக சிலத விட்டுட்டாங்க, மெகசின மூடி வைக்கிற கட்-ஆஃப் தகடு, தூரத்துக்கு கூட்டமா சுடுற பக்கவாட்டு வாலி சைட், இந்த ரெண்டும் இதுல இல்ல, இருந்து கழட்டுன தழும்பும் இல்ல.

நம்பர். ரிசீவர் முன் வளையத்துலயும் குழல் அடியிலயும் ஒரே நம்பர். போல்ட் கைப்பிடி பின்னால வேற நம்பர். அப்ப போல்ட் எங்கயோ மாத்துனது. சேகரிக்கிறவங்களுக்கு இது வெலயக் கொறைக்கிற விசயம், சுடுறவனுக்கு ஆபத்தான விசயம், ஏன்னா லீ-என்ஃபீல்ட்ல ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த ரிசீவருக்கு அளவு பாத்து பொருத்துறது, மாத்துனா தோட்டாவுக்குப் பின்னால இடைவெளி கூடி பித்தளை வெடிக்கலாம்.

முன்மரம் வெட்டியிருந்தத கிட்டப் பாத்தேன். வாள்ல அறுத்து அப்படியே விட்ட வெட்டு இல்ல, நுனிய உருண்டையா இழச்சு வார்னிஷ் பூசியிருக்கு, கடையில செஞ்ச வேல. குழல் முனையில வர்ற மூக்கு மூடி இல்ல. ஆனா குழல அளந்தா 25.2 இன்ச்சு முழுசா இருக்கு, இரும்ப வெட்டல.

இதெல்லாத்துக்கும் மேல முக்கியமானது ரிசீவர் வளையத்துலயும் குழல்லயும் கெடச்சிச்சு. பிரிட்டிஷ் அரசாங்க சாமான்ல ஒரு அகல அம்புக் குறி இருக்கும். இதுல ரெண்டு அம்பு, நுனிக்கு நுனி முட்டிக்கிட்டு. அது அரசாங்கமே சேவையில இருந்து வெளிய வித்துட்டோம்னு போடுற முத்திரை. குழல்ல கிரீடத்துக்கு கீழ பி.என்.பி., பக்கத்துல 303, 2.222, 18.5 டன், அதாவது தோட்டா வகை, இன்ச்சுல அதோட உறை நீளம், அழுத்தம். இது பர்மிங்ஹாம் சோதனைக் கூடத்துல சிவிலியன் விற்பனைக்கு முன்னால வெடிச்சுப் பாத்து போடுறது. அழுத்தத்த டன் கணக்குல போடுற இந்த வகை 1954 விதிகளுக்கு அப்புறம் வந்தது.

பொலிஸ் முத்திரையோ, நம்ம பட்டாளத்து முத்திரையோ, எந்தப் படைச் சின்னமோ எங்கயும் இல்ல. கட்டைய திருப்பி, பட் தகட்டு மேல, டிரிகர் காவல் அடியில, சைட் கீழ எல்லாம் டார்ச் அடிச்சு பாத்தாச்சு.

கலிபோலி கதை

அந்த பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் நெசமான படைதான். 1900ல தோட்டத் துரைமாரா சேந்து ஆரம்பிச்சது, கண்டிதான் தலைமையகம். 1914ல ஒரு கூட்டம் எகிப்துக்கு கப்பலேறி, 1915ல கலிபோலியில ஆஸ்திரேலியா நியூசிலாந்து படைகளோட இருந்தாங்க, அந்தப் படைகளுக்கு தளபதியா இருந்த ஜெனரல் பேர்ட்வுட்டுக்கு காவலாவும் நின்னாங்க. 1949ல படையவே கலைச்சாச்சு. மலையகத்துல கெடைக்கிற எந்த 303ஐயும் இவங்க தலையில கட்டுறது புரோக்கர்மாருக்கு சுகம், ஏன்னா அந்தப் பேர் வந்தா வெல ஏறும்.

கலிபோலியில இருந்து கடைசி ஆளும் கெளம்புனது 1916 ஜனவரியில. மார்க் மூணு ஸ்டார் மாடலுக்கே அனுமதி குடுத்தது அதே ஜனவரியிலதான். இந்தத் துவக்கு செஞ்சது 1917ல. செய்யாத துவக்கு போருக்குப் போகாது. 1954க்கு அப்புறம்தான் சிவிலியன் சோதனை முத்திரை வாங்கியிருக்கு, அதுக்குள்ள அந்தப் படையே இல்ல.

ஆக நான் குறிப்புல எழுதுனது இது: 1917ல பர்மிங்ஹாம்ல செஞ்ச பட்டாளத்து ரைபிள், பிரிட்டிஷ் அரசாங்கம் முறையா வெளிய வித்தது, 1950கள் நடுவுல இல்ல அதுக்கும் பின்னால இங்கிலாந்துல முன்மரம் கொறைச்சு வேட்டைத் துவக்கா மாத்தி சிவிலியன் சந்தையில வித்த சாமானா இருக்கத்தான் கூடுதல் வாய்ப்பு, இலங்கை அரசாங்கத்துக்கு சொந்தமா இருந்ததுக்கு துவக்குல ஒரு அடையாளமும் இல்ல. அந்தக் காலத்துல பர்மிங்ஹாம் கடைங்க இப்படி மலிவா மாத்தி நெறைய வித்தாங்க. துரைமாருக்கு மரை, காட்டுப் பன்னி வேட்டைக்கு இது போதும்.

யாரு வாங்குனது, அப்புகிட்ட எப்படி வந்திச்சுன்னு இரும்பு சொல்லாது, அதையும் குறிப்புல தனியா எழுதிட்டேன். துரை ஊருக்குப் போறப்ப விட்டுட்டுப் போனதுன்னு குடும்பம் நம்புறது நியாயமான ஊகம்தான், ஆனா ஊகத்த முத்திரைக்கு சமமா வச்சா நானும் அந்த புரோக்கரும் ஒண்ணு.

மதிப்பு

பேரனுக்கு இத உக்காந்து விளக்க வேண்டியிருந்திச்சு. லீ-என்ஃபீல்ட் வகைய மில்லியன் கணக்குல செஞ்சாங்க, 1917 பி.எஸ்.ஏ. அதுல ரொம்பவே சாதாரணம். துவக்கு வித்து வாங்க சட்டம் விடுற நாட்டுலயே சேகரிக்கிறவன் மொதல்ல பாக்குறது முழு மரம், எல்லா நம்பரும் ஒண்ணா இருக்குறது, படைச் சின்னம், நல்ல குழல். இதுல மரம் வெட்டியாச்சு, போல்ட் வேற, சின்னம் இல்ல. குழல வெளிச்சத்துல பாத்தா உள்ள வரி வரியா துருக் குழி, அந்தக் காலத்து தோட்டாவுல பின்னால இருக்குற மருந்து உப்ப விட்டுட்டுப் போகும், சுட்ட அன்னைக்கே சுடுதண்ணி ஊத்தி கழுவலன்னா இரும்ப தின்னுரும், அதோட நம்ம மலப் பனியும் சேந்தா கேக்கவே வேணாம். வெளிய ஈயத்தாள் காப்பாத்தியிருக்கு, உள்ள காப்பாத்த முடியல.

புது முன்மரம் வாங்கி மாட்டுனா பழைய மாதிரி ஆகாதான்னு மகன் கேட்டாரு. பாக்க ஆகும், ஆனா அது ஒட்டுப்போட்ட துவக்குன்னு தெரிஞ்சவனுக்கு தெரியும், இப்ப இருக்குற கோலத்துக்குன்னு ஒரு வரலாறு இருக்கு, அதையும் அழிச்ச மாதிரி ஆயிரும்.

நம்ம நாட்டுல இத சட்டப்படி வாங்கக்கூடிய ஆளே கெடைக்கிறது கஷ்டம், லைசன்ஸ் இல்லாத துவக்க விக்கவும் முடியாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. அதனால குடும்பத்துக்கு இதோட பண மதிப்பு ஒண்ணுமில்லன்னு நேராவே சொல்லிட்டேன். புரோக்கர் சொன்ன ஏழு லட்சம் துவக்கோட வெல இல்ல, போலிச் சின்னம் அடிச்ச பொறகு இன்னொருத்தன ஏமாத்தப் போற பொய்யோட வெல, அதுல மாட்டுனா முதல்ல மாட்டுறது வித்தவன்தான். இத சொல்லும்போது மனசுக்கு கஷ்டமாத்தான் இருந்திச்சு, அந்தக் காம்பராவுல ஒழுகாத கூரைக்கே கடன் வாங்கியிருந்தாங்க.

அப்புறம் நடந்தது

அரச பகுப்பாய்வுத் திணைக்களம் துவக்க பரிசோதிச்சு, சுடக்கூடிய நெலமையில இருக்கு, 303 ரைபிள்னு அறிக்கை குடுத்தாங்க. மாடலும் வருசமும் என் குறிப்போட ஒத்துப்போச்சு. தானா முன்வந்து அறிவிச்சது, வச்சிருந்தவரு உயிரோட இல்லாதது, அரசாங்க சாமான்னு காட்ட எதுவும் இல்லாதது, இது மூணையும் சட்டத்தரணி எடுத்து வச்சாரு. குடும்பத்து மேல வழக்கு போடல. துவக்கும் தோட்டாவும் அரசுடமைன்னு உத்தரவாச்சு. ஒரு அருங்காட்சியகத்துக்கு குடுக்க முடியுமான்னு சட்டத்தரணி எழுத்துல கேட்டிருக்காரு, அதுக்கு இன்னும் பதில் வரல.

புரோக்கர் அதுக்கப்புறம் போன் எடுக்கல.

அந்த குறிப்போட ஒரு காப்பிய அப்பாயிக்கு குடுத்தேன். அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது, பேரன் வாசிச்சு காட்டுனாரு. அரசாங்கம் முறையா வித்ததுங்கற எடத்த ரெண்டாந் தடவ வாசிக்கச் சொன்னாங்க. அப்புறம் மகன பாத்து, "ஒங்கப்பன் சும்மாத்தான் பயந்திருக்காரு இத்தன வருசம்"னு மட்டும் சொன்னாங்க.

அடுத்த தடவ மாத்த வேண்டியது

சாமான் கெடச்சா சுத்தியிருக்கறதையும் சேத்து வைக்கணும். துவக்குக்கு அடியில ஒரு தேயிலப் பெட்டிப் பலகை இருந்திச்சாம், தோட்டத்து மார்க்கும் இன்வாய்ஸ் நம்பரும் கருப்புல அடிச்ச பலகை, பொலிஸ் வர்றதுக்கு முன்னாலயே அது அடுப்புக்குப் போயிருச்சு. அந்த மார்க் இருந்திருந்தா எந்தத் தோட்டத்து பங்களாவுல இருந்து வந்ததுன்னு ஊகமா எழுதுனத இன்னும் உறுதியா எழுதியிருக்கலாம்.

ஃபோட்டோ. வெளி ஆளுங்களுக்கு அனுப்பவே கூடாது, புரோக்கர் வந்ததே அதாலதான். சட்டத்தரணிக்கு மட்டும், அதுவும் எடத்துல இருந்தபடியே எடுத்தது. முழுசா ஒண்ணு எடுத்தா போதும், கழுத்து வளையம், ரிசீவர் நம்பர் எல்லாம் பொலிஸ் பொறுப்புல வந்த பொறகு எடுத்துக்கலாம்.

அடையாளம் பாக்குறவர முதல் நாளே சட்டத்தரணியோட சேத்து விடணும். இந்தக் கேஸ்ல அரசாங்க சாமானா இல்லையாங்கற சந்தேகம் ரொம்ப நாள் அந்த வீட்ட தூங்க விடல, ரெண்டு அம்பு முத்திரைய ஆரம்பத்துலயே பாத்திருந்தா அந்தப் பயம் சீக்கிரமே தீந்திருக்கும். இப்ப அந்த சட்டத்தரணி இதே மாதிரி வந்த இன்னொரு குடும்பத்துக்கு முதல் மனுவுலயே பரிசோதனை அனுமதியும் சேத்து கேட்டிருக்காரு.